27 அங்குல 4கே மானிட்டர்: மூன்று வாரம் திட்டிய பிறகு ஒரு விமர்சனம்

மெய்ப்பு பார்ப்பது என் வேலை. நாள் முழுக்கத் திரையில் தமிழ் எழுத்தையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருக்கிறதா, ‘எ’ வர வேண்டிய இடத்தில் ‘ஏ’ விழுந்திருக்கிறதா, ‘ர’ என்று நினைத்தது உண்மையில் துணைக்காலா. கடைசியாகச் சொன்னது தட்டச்சு செய்பவர்களுக்குப் பழகிய தலைவலி. பல எழுத்துருக்களில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அடியில் சாய்வாக இறங்கும் ஒரு சின்ன வால் மட்டும்தான். திரையில் அது இரண்டு மூன்று பிக்சல் இருந்தால் அதிகம். அந்த வாலை ஒரு மானிட்டர் விழுங்கிவிட்டால் அதை வைத்து எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

அப்படி விழுங்கிக்கொண்டிருந்த ஒரு மானிட்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன். இப்போது விழுங்குவதில்லை. முதல் மூன்று வாரம் விழுங்கியது. அந்தச் சமயத்தில் எழுதியிருந்தால் ஒரு நட்சத்திரம் கொடுத்து, இரண்டு வரி திட்டிவிட்டுப் போயிருப்பேன். நல்லவேளை, கையில் இருந்த வேலையில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

வாங்கியது 27 அங்குலம், 4கே. அதாவது 3840க்கு 2160 பிக்சல். ஐபிஎஸ் பேனல் (சாய்ந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை), 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கும், சாதாரண அலுவலக ரகம். கணினியை இணைக்க இரண்டு எச்டிஎம்ஐ துளை, ஒரு டிஸ்ப்ளேபோர்ட் துளை. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் பட்ட பாட்டில் பெரும்பகுதி எந்தக் கம்பெனி மானிட்டரிலும் வரக்கூடியது. ஒருவரை மட்டும் இழுப்பது நியாயமில்லை. இதைத் தேர்ந்தெடுத்த கணக்கு எளிமையானது. என் லேப்டாப் 14 அங்குலம், 1920க்கு 1080. அங்குலத்துக்குச் சுமார் 157 பிக்சல் வருகிறது. 27 அங்குலத்தில் 4கே என்றால் 163. ஆக, எழுத்தின் கூர்மை கிட்டத்தட்ட அதேதான், பரப்பு மட்டும் மூன்றரை மடங்குக்கு மேல். இதே 27 அங்குலத்தை 1920க்கு 1080இல் வாங்கியிருந்தால் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான். படம் பார்க்கப் பரவாயில்லை, ‘ஸ்ரீ’யின் சுழியை உற்றுப் பார்க்கிற வேலைக்கு ஆகாது. காகிதத்தில் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மேசைக்கு வந்ததும் கதை மாறிவிட்டது. லேப்டாப்பின் யூஎஸ்பி-சி துளையில் ஏற்கெனவே ஒரு ஹப் (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் பெட்டி) மாட்டியிருந்தேன். அதன் வழியாகவே எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினேன். படம் வந்தது. ஆனால் கறுப்பு எழுத்து கறுப்பாக இல்லை. பென்சிலால் எழுதியது போலச் சாம்பல். வெள்ளைப் பக்கம் பலமுறை துவைத்த துணி போல மங்கிக் கிடந்தது. மவுஸை நகர்த்தினால் அம்பு வழுக்கிக்கொண்டு போகாமல் விட்டு விட்டுத் தாவியது. சாம்பல் நிறப் பட்டைகளில் இருந்த எழுத்துகளைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு, யாரோ சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்தது போல. பக்கத்திலேயே லேப்டாப் திறந்திருந்தது. அதே கோப்பு, அதே பக்கம், அங்கே பளிச்சென்று இருந்தது.

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். புரோகிரசிவ் கண்ணாடி போட்டு ஒரு வருடம்தான் ஆகிறது. அதில் பக்கத்தில் பார்க்கிற சக்தி லென்ஸின் கீழ்ப்பகுதியில் இருக்கும். இவ்வளவு உயரத் திரையின் மேல் வரியைப் படிக்க முகவாயைத் தூக்க வேண்டியிருந்தது. மாலையில் கழுத்து வலித்தது. சரி, கண்ணாடிதான் காரணம் என்று கழற்றிவைத்துவிட்டு, மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்குப் போய்ப் பார்த்தேன். மங்கல் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்த தம்பி ஒரே பார்வையில் தீர்ப்பு சொல்லிவிட்டான். “அக்கா, இது டப்பா பீஸ். திருப்பிக் குடுத்துடு.” திருப்பிக் கொடுக்கும் அவகாசத்தில் இன்னும் நாள் பாக்கி இருந்தது. ஆனாலும் மனசு வரவில்லை. படம் மோசம் என்பதைவிட, ஏன் மோசம் என்று தெரியாமல் இருப்பதுதான் என்னை அரித்தது. பிழை இருக்கும் இடம் தெரியாமல் பக்கத்தைத் திருப்ப முடியாத ஆள் நான்.

சேவை எண்ணுக்கு அழைத்தேன். பேசியவர் பொறுமையாகக் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மேடம், கேபிள மாத்திப் பாருங்க” என்றார். மாற்றினேன். முனையில் தங்க முலாம், மேலே பின்னல் உறை என்று ஜோராக ஒரு கேபிள். படத்தில் ஒரு துளி மாற்றம் இல்லை. இருக்கவும் முடியாது என்று பிறகுதான் புரிந்தது. எச்டிஎம்ஐயில் போவது வெறும் எண்கள். கேபிள் பழுதானால் திரையில் பொட்டுப் பொட்டாக மின்னும், படம் திடீர் திடீரென்று அணைந்து வரும், அல்லது வரவே வராது. நிறத்தை வெளுக்க வைப்பதும் எழுத்தை மெழுகுவதும் அதற்குத் தெரியாத வேலை. பழைய விஜிஏ கேபிளில் அது நடக்கும். நீளம் கூடினால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும். அந்தக் காலத்து வைத்தியத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேபிளில் பார்க்க வேண்டியது அது எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும்தான். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்குகிற, ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ சான்று ஒட்டிய கேபிள் போதும். மானிட்டர் பெட்டியிலேயே வந்தது அந்த ரகம்தான். தங்க முலாம் இப்போது இழுப்பறையில் தூங்குகிறது.

ஒரு நாள் இரவு, வேலையை அனுப்பிவிட்டு, சரி இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று உட்கார்ந்தேன். விண்டோஸில் மேம்பட்ட திரை அமைப்புகளைத் திறந்ததும் முதல் குற்றவாளி கையெழுத்தோடு நின்றார்: 30 ஹெர்ட்ஸ். மானிட்டர் 60 என்கிறது, போவது 30. அதனால்தான் அம்பு தாவுகிறது. ஹப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடியில், பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கக்கூடிய எழுத்தில், ‘4கே 30 ஹெர்ட்ஸ்’ என்று போட்டிருந்தது. ஹப்புக்குள் இருப்பது எச்டிஎம்ஐ 1.4. 2009இல் வந்த அந்த விதிப்படி அதிகபட்சம் நொடிக்கு 10.2 ஜிகாபிட் போகும். முழு நிறத்தோடு 4கேயை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப அது பத்தாது. 2013இல் வந்த 2.0தான் 18 ஜிகாபிட் வரை போகிறது. ஆகவே முதல் குற்றம் மானிட்டருடையது இல்லை, என்னுடையது. ஹப் நான் வாங்கியது. மெய்ப்பு பார்க்கிறவள் பொடி எழுத்தைப் படிக்காமல் வாங்கியிருக்கிறேன்.

லேப்டாப்பிலேயே ஒரு எச்டிஎம்ஐ துளை இருக்கிறது, 2.0. கேபிளை நேராக அதில் செருகினேன். 60 ஹெர்ட்ஸ் வந்தது. அம்பு வழுக்கியது. அதைவிடப் பெரிய ஆச்சரியம், கறுப்பு கறுப்பாகிவிட்டது. பக்கம் வெளேரென்று ஆனது. பத்து நிமிடம் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். பிறகு திருத்தம் போட்ட ஒரு கோப்பைத் திறந்தேன்.

என் திருத்தங்கள் எல்லாம் சிவப்பில் இருக்கும். அந்தச் சிவப்பு எழுத்து முழுக்கக் கசங்கிக் கிடந்தது. கறுப்பு எழுத்து சரியாக இருக்க, அதே வரியில், அதே அளவில் இருந்த சிவப்பு மட்டும் ஈரக் காகிதத்தில் எழுதிய மை போல ஊறியிருந்தது. அடித்தல் கோடு சிவப்பாக இல்லாமல் பழுப்பாகத் தெரிந்தது. அதற்கு மேலும் கீழும் ரோஜா நிறம் கசிந்திருந்தது. நான் சேர்த்திருந்த ஒரு ‘த்’தில் புள்ளி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கறுப்புக்கு ஒரு நியாயம், சிவப்புக்கு ஒரு நியாயமா? இதைத்தான் முதல் மூன்று வாரத்தில் வந்த குறைகளிலேயே விசித்திரமானது என்பேன்.

கிராபிக்ஸ் டிரைவரோடு வரும் செயலியைத் திறந்து பார்த்தால், நிற வடிவம் என்ற இடத்தில் ‘ஒய்சிபிசிஆர் 4:2:0’ என்று இருந்தது. அதன் அர்த்தம் இதுதான். ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சம் எவ்வளவு என்பது தனித்தனியாகப் போகும். நிறம் மட்டும் நாலு பிக்சலுக்கு, அதாவது இரண்டுக்கு இரண்டு சதுரத்துக்கு, ஒன்று என்று போகும். மனிதக் கண் வெளிச்ச வித்தியாசத்தைப் பிடிக்கிற அளவுக்கு நிற வித்தியாசத்தை நுணுக்கமாகப் பிடிக்காது என்பதால் வீடியோவில் இந்தச் சிக்கனம் செல்லும். நாம் வீட்டில் பார்க்கும் திரைப்படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன, யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் எழுத்து என்பது ஒரு பிக்சல், இரண்டு பிக்சல் கோடு. வெள்ளையில் கறுப்பு என்றால் வித்தியாசம் முழுக்க வெளிச்சத்தில் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும். வெள்ளையில் சிவப்பு என்றால் பாதிச் சேதி நிறத்தில் இருக்கிறது; அதைப் பக்கத்து வெள்ளைப் பிக்சல்களோடு பங்கு போட்டால் இரண்டும் கெட்டுப்போகும்.

லேப்டாப் ஏன் இப்படி அனுப்புகிறது? துளையும் 2.0, கேபிளும் தாங்கும். மிச்சம் இருப்பது மானிட்டர்தான். பின்பக்கம் கட்டைவிரலால் நெருடுகிற குட்டிக் குமிழ் ஒன்று வைத்திருக்கிறார்கள், மெனுவுக்கு. அதை இடம் வலம் என்று தள்ளி, மூன்று அடுக்கு உள்ளே போய், எச்டிஎம்ஐ பதிப்பு என்ற வரியைக் கண்டுபிடித்தேன். ‘1.4’ என்று இருந்தது. ஆலையிலிருந்தே அப்படித்தான் வந்திருக்கிறது. பழைய கருவிகளை மாட்டினாலும் படம் வந்துவிட வேண்டும் என்ற முன்ஜாக்கிரதையாம், கையேட்டில் ஒரு வரி இருந்தது. மானிட்டர் ‘நான் 1.4’ என்று சொல்ல, லேப்டாப் பாவம் 60 ஹெர்ட்ஸை எப்படியாவது அதற்குள் திணிக்க நிறத்தைச் சுருக்கியிருக்கிறது. 4கே என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு விற்றுவிட்டு, முழு 4கே வருவதற்கான சாவியை மூன்றாவது அடுக்கில் பூட்டிவைத்திருக்கிறார்கள். ஒரு நட்சத்திரத்தை நான் வெட்டியது இதற்காகத்தான். வேறு எதற்கும் இல்லை.

‘2.0’ என்று மாற்றினேன். திரை அணைந்து, இரண்டு நொடி கழித்து வந்தது. சிவப்பு சிவப்பாக இருந்தது. ‘த்’தின் புள்ளி தனியாக நின்றது. ஆனால் கறுப்பு மறுபடியும் சாம்பலாகிவிட்டது.

அந்த நேரத்தில் எழுந்து போய்ப் படுத்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் தெளிவாக யோசித்தபோது விஷயம் பிடிபட்டது. இப்போது நிறம் ஆர்ஜிபி வடிவத்தில், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அளவாக, போகிறது. கணினி வழக்கத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை அளவு; 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. தொலைக்காட்சி வழக்கத்தில் 16தான் கறுப்பு, 235தான் வெள்ளை. எச்டிஎம்ஐ தொலைக்காட்சிக்காகப் பிறந்தது என்பதால், என் லேப்டாப் எதிரில் இருப்பதை ஒரு டிவி என்று எண்ணி 16 முதல் 235 என்று சுருக்கி அனுப்புகிறது. மானிட்டரோ தன்னைக் கணினித் திரை என்று எண்ணி 0 முதல் 255 என்று படிக்கிறது. அதன் கணக்கில் 16 என்பது கறுப்பு இல்லை, கரும் சாம்பல். 235 என்பது வெள்ளை இல்லை, மங்கிய வெள்ளை. நேற்று இடையில் கறுப்பு சரியானதற்கும் இதே காரணம்தான். ஒய்சிபிசிஆரில் போகும்போது டிவி வழக்கம்தான் நடைமுறை என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டிருந்தன. ஆர்ஜிபிக்கு மாறியதும் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது.

டிரைவர் செயலியில் அளவு வீச்சு என்று ஒரு தேர்வு இருந்தது. ‘லிமிடெட்’ என்பதை ‘ஃபுல்’ ஆக்கினேன். மூன்று வார அழுக்கு ஒரு சொடுக்கில் போயிற்று. சில மானிட்டர்களில் இதே சரிசெய்தல் மானிட்டர் மெனுவிலேயே ‘பிளாக் லெவல்’ என்ற பெயரில் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே வழக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். லேப்டாப் முழு வீச்சில் அனுப்பி மானிட்டர் டிவி வழக்கத்தில் படித்தால் நேர் எதிராக நடக்கும்: படம் ஆழமாக, அழகாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் இருட்டுப் பகுதியில் இருக்கும் விவரமெல்லாம் கறுப்பில் மூழ்கிவிடும். அதைச் சோதிக்க 0, 5, 10, 15, 20 என்று அடர்சாம்பல் கட்டங்களை வரிசையாக வரைந்து பார்த்தேன். ஒவ்வொரு கட்டமும் அடுத்ததிலிருந்து பிரிந்து தெரிந்தது.

மிச்சம் இருந்தது அந்தச் சுண்ணாம்பு விளிம்பு. அது மானிட்டரின் ‘ஷார்ப்னெஸ்’ வேலை. பெயரைப் பார்த்தால் கூட்டக் கூட்டக் கூர்மை என்று தோன்றும். உண்மையில் அது இல்லாத விவரத்தைக் கொண்டுவருவதில்லை. கறுப்பும் வெளுப்பும் சந்திக்கிற இடத்தில் வெளுப்பை இன்னும் வெளுப்பாக்கி, கறுப்பை இன்னும் கறுப்பாக்குகிறது. தெளிவில்லாத வீடியோவுக்கு அது ஒருவேளை ஒத்தாசை செய்யலாம். பிக்சலுக்குப் பிக்சல் கச்சிதமாக வருகிற எழுத்தில் அது வெறும் குறுக்கீடு. மானிட்டர் ‘விவிட்’ என்ற படமுறையில் வந்தது, ஷார்ப்னெஸ் 70இல் இருந்தது. எத்தனையில் வைப்பது என்பதற்குப் பொதுவான எண் கிடையாது. சில மானிட்டர்களில் எதுவும் செய்யாத நிலை 0, சிலவற்றில் 50. நடுச்சாம்பல் பின்னணியில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றை வரைந்து வைத்துக்கொண்டு குறைத்துக்கொண்டே வந்தேன். 50இல் விளிம்பு மறைந்தது. 45க்குப் போனதும் கோடே மெழுகத் தொடங்கியது. ஆக என்னுடையதற்கு 50.

அச்சுப் பக்கம் பார்க்க வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸைத் திரையில் வைத்துப் பார்த்தேன். இதை ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும். வெள்ளை என்று நாம் நினைப்பது சிவப்பு, பச்சை, நீலம் என்று அடுத்தடுத்து நிற்கும் குச்சிகளின் வரிசை. 11 பாயின்ட்டில் ஒரு ‘ற்’: எழுத்தின் தலைக்கும் புள்ளிக்கும் நடுவில் சுத்தமாக ஒரு வரிசை வெள்ளை இருந்தது. ஷார்ப்னெஸை மறுபடி 70க்கு ஏற்றிப் பார்த்தேன். அந்த வரிசையின் இருபுறமும் இருந்த மெல்லிய சாம்பல் நிழல்கள் கெட்டிப்பட்டு, புள்ளி எழுத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. மூன்று வாரம் நான் உற்று உற்றுப் பார்த்துக் கண்ணெரிந்தது இந்த ஒரு வரிசைக்காகத்தான்.

இதற்குப் பிறகு எழுத்தின் தெளிவில் மானிட்டரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. மென்பொருளில் இருந்தது. விண்டோஸில் அளவை 150 சதவீதம் வைத்திருக்கிறேன். 100இல் 4கே எழுத்து எறும்பு ஊர்வது போல இருக்கும். புதிய மென்பொருள்கள் இதற்கு ஏற்றபடி எழுத்தைப் பெரிதாக, கூர்மையாகவே வரைகின்றன. நான் பயன்படுத்தும் பக்க வடிவமைப்பு மென்பொருள் பழையது. அதற்கு இந்தக் கணக்கு தெரியாது. அது சின்னதாக வரைந்து கொடுக்கிறது, விண்டோஸ் அதை ஒரு படமாக எடுத்து இழுத்துப் பெரிதாக்குகிறது. மங்கல் வராமல் என்ன செய்யும்? ஐகானில் வலது சொடுக்கு, பண்புகள், பொருந்துதன்மை என்று போனால் உயர் டிபிஐ அமைப்பு இருக்கிறது. அதில் அளவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மென்பொருளிடமே கொடுத்தால் எழுத்து கூராகிறது, ஆனால் கருவிப்பட்டைகள் கடுகளவு ஆகிவிடுகின்றன. விண்டோஸிடம் ‘மேம்பட்ட’ முறையில் கொடுத்தால் மெனு எழுத்து தெளிகிறது, பக்கம் தெளியவில்லை. நான் முதலாவதை எடுத்துக்கொண்டேன். கருவிகள் எங்கே இருக்கின்றன என்று பன்னிரண்டு வருடமாகக் கைக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிய வேண்டியது பக்கம்தான். லேப்டாப் திரையில் 125, மானிட்டரில் 150 என்று இருப்பதால் சில மென்பொருள்கள் ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்தால் மங்குகின்றன. கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்தால் சரியாகிவிடுகிறது.

விண்டோஸில் எழுத்தைத் தெளிவாக்கும் கிளியர்டைப் சரிசெய்தலையும் ஒருமுறை ஓட்டினேன், மானிட்டருக்குத் தனியாக, லேப்டாப்புக்குத் தனியாக. அந்தச் சிவப்பு, பச்சை, நீலக் குச்சிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கித்தான் அது எழுத்தின் விளிம்பை மெலிதாக்குகிறது. இதில் ஒரு சின்ன ஏமாற்றம். முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரியட்டும் என்று திரையை நெட்டாகத் திருப்பி வைக்கும் ஆசையோடுதான் இந்தத் தாங்கியுள்ள மாடலை வாங்கினேன். திருப்பினால் குச்சிகள் படுத்துவிடுகின்றன. அவை நிற்பதாக நினைத்துக்கொண்டு கிளியர்டைப் வேலை செய்கிறது. 163 பிக்சல் அடர்த்தியில் பலருக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது. மறுபடி கிடையாகவே வைத்துவிட்டேன்.

வெளிச்சத்தையும் நிறத்தையும் பற்றிச் சுருக்கமாக. ஆலையிலிருந்து 100 சதவீத வெளிச்சத்தோடும் நீலம் பாய்ந்த வெள்ளையோடும் வந்தது. பளிச்சென்று இருந்தால் விற்கும் என்ற எண்ணம் போல. வேலை செய்யும் விளக்கொளியில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்வரை குறைத்தேன். 30இல் வந்து நின்றது. நிற வெப்பநிலை 6500 கெல்வின். முதல் இரண்டு நாள் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது, பிறகு பழகிவிட்டது. இப்போது பழைய அமைப்பைப் போட்டால் நீலமாகத் தெரிகிறது. கணினிக்கான பொது நிறத் தரப்படி காட்டும் எஸ்ஆர்ஜிபி முறை ஒன்றும் இருக்கிறது, நிறம் அதில்தான் சரியாக இருக்கிறது, ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தால் வெளிச்சத்தை மாற்ற விடாமல் பூட்டிவிடுகிறது. அச்சுக்குப் படம் பார்ப்பவர்களுக்கு இது எரிச்சல். வெள்ளைப் பக்கத்திலிருந்து கரும் பின்னணிக்கு மாறும்போது திரை தானாக மங்கி ஏறிக்கொண்டிருந்தது. ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’டை அணைத்தேன், நின்றது.

எச்டிஆர், அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே அதிக வீச்சு காட்டும் முறை, என்று பெட்டியில் ஒரு முத்திரை இருக்கிறது. எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதன் பொருள், காட்டும் என்று இல்லை. திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பின் டிஸ்ப்ளேஎச்டிஆர் சான்றில் கீழ்ப்படிக்கே 400 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம் வேண்டும். இது சொல்லிக்கொள்வதே 350. போட்டுப் பார்த்தேன், சாதாரணக் கோப்புகள் எல்லாம் வெளிறிப்போயின. அணைத்துவிட்டேன். முத்திரையை நம்பி யாரும் இதை வாங்க வேண்டாம்.

எந்தச் சரிசெய்தலிலும் போகாத குறை இரண்டு உண்டு. இடது கீழ் மூலையில் பின்விளக்கு கசிகிறது. இருட்டில் கறுப்புத் திரையைப் பார்த்தால் ஒரு விரலகலத்துக்கு மஞ்சளாகத் தெரியும். ஐபிஎஸ் பேனலில் சாய்ந்து பார்த்தால் வரும் பொதுவான பளபளப்பு வேறு. அது தலையை நகர்த்தினால் நகரும். இது நகர்வதில்லை. வெள்ளைப் பக்கத்தில் வேலை செய்யும் எனக்கு இது ஒரு பொருட்டில்லை, இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவர் வாங்கிய அன்றே பார்த்துவிட வேண்டும். இன்னொன்று, கண்கூசாமல் இருக்கத் திரைமேல் கொடுத்திருக்கும் மேட் பூச்சு. வெள்ளைப் பரப்பில் மிக மெல்லிய மணல் தூவியது போல இருக்கும். சில நாளில் கண் அதை மறந்துவிடும் என்றார்கள். எனக்கு இன்னும் மறக்கவில்லை, ஆனால் ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து விழும் என் அறையில் பளபளத் திரை வைத்திருந்தால் என் முகத்தைத்தான் திருத்திக்கொண்டிருப்பேன்.

கழுத்து வலியையும் விட்டுவிடக் கூடாது. தாங்கியைக் கடைசிவரை இறக்கி, திரையை மேல்பக்கம் லேசாகப் பின்னால் சாய்த்ததும் கண்ணாடியின் நடுப்பகுதி வழியாகவே மேல் வரி தெரிந்தது. புரோகிரசிவ் போடுகிறவர்கள் தாங்கி எவ்வளவு இறங்கும் என்று பார்த்துத்தான் மானிட்டர் வாங்க வேண்டும். பெட்டியில் பெருமையாகப் போட்டிருப்பது எவ்வளவு ஏறும் என்பதை.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். எழுத்தோடு வாழ்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். வாங்கியதும் எச்டிஎம்ஐ பதிப்பு, அளவு வீச்சு, ஷார்ப்னெஸ் மூன்றையும் பார்த்துவிட்டு அப்புறம் திட்டுங்கள். டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிற கணினி என்றால் முதல் இரண்டு தொல்லையும் அநேகமாக வராது. தம்பி போன வாரம் வந்தபோது, “புதுசா மாத்திட்டியா அக்கா? இது நல்லா இருக்கே” என்றான்.

சேவை மையத்திலிருந்தும் ஒரு நாள் அழைப்பு வந்தது. “மேடம், கேபிள் மாத்தினதும் சரியாயிடுச்சா?” சரியாகிவிட்டது, ஆனால் கேபிளால் இல்லை, உங்கள் மெனுவில் 1.4 என்று வைத்து அனுப்புகிறீர்கள், அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள் என்று நிதானமாக விளக்கினேன். “கண்டிப்பா மேடம், நோட் பண்ணிக்கிறேன்” என்றார். சற்று நேரத்தில் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. புகார் முடிக்கப்பட்டது, தீர்வு: கேபிள் மாற்றம். ‘முடிக்கபட்டது’ என்று ‘ப்’ இல்லாமல் இருந்தது.